அம்மாவின் பதினாலு

போன வருஷம் அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை, 14 என்று வந்தது. நர்ஸ் மிசி அதைப் புத்தகத்தில் எழுதி, சிவப்புப் பேனாவால் ஒரு வட்டமும் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்த அம்மா அந்த வட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மருந்துப் பையைக் காலி செய்யும்போது நான்தான் பார்த்தேன்.

"என்னம்மா இது, பதினாலு?"

"பதினாலுதானே. அந்த டாக்டரு 140 வரைக்கும் பயமில்லைன்னு சொல்றாரு. நான் எவ்வளவோ கீழ இருக்கேன்."

அந்த டாக்டர் அம்மாவுடைய டாக்டர் இல்லை. காலையில் கோப்பி ஓ குடித்துக்கொண்டே அம்மா யூடியூப்பில் பார்க்கும் தமிழ்நாட்டு டாக்டர். நானும் உட்கார்ந்து அந்தக் காணொளியைப் பார்த்தேன். பொய் சொல்லவே இல்லை அவர். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குள் இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறார். ஆனால் இந்தியாவில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள். மலேசியாவில் மில்லிமோல் கணக்கு. நம்முடைய எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் அவர்களுடைய எண் வரும். அம்மாவின் 14 அங்கே 252. அதுவும் வெறும் வயிற்றில் எடுத்தது. வெறும் வயிற்றில் 4.4-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வைக்கும் இலக்கு.

பெருக்கிக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவரு இதையும் சொல்லியிருக்கணும்லா" என்றார்.

அவர் எப்படிச் சொல்வார்? பிறையில் ஒரு பிளாட்டின் ஒன்பதாவது மாடியில் ஒரு கிழவி உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியுமா என்ன.

நலவாழ்வுத் தகவல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, தேடத்தான் தெரியவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மாவுக்குத் தேடத் தெரியும். என்னைவிட வேகமாகத் தேடுவார், அதுவும் வாயாலேயே பேசித் தேடுவார். கிடைத்த பதில் யாருக்காகச் சொல்லப்பட்டது, எந்த ஊர்க் கணக்கில் சொல்லப்பட்டது என்பதில்தான் கோளாறு. அன்றிலிருந்து நானே வீட்டுக்கு ஒரு மாதிரி நூலகர் ஆகிவிட்டேன். சம்பளமில்லாத வேலை.

முதலில் பிடிபட்டது மொழி விஷயம். "டெங்கு" என்று தமிழில் தட்டினால் சென்னை மாநகராட்சி வரும், மதுரைச் செய்தி வரும், நிலவேம்பு வரும். "டிங்கி" என்று தட்டினால்தான் நம்மூர்ப் பத்திரிகைகள் எட்டிப் பார்க்கும். அதையே மலாயில் தட்டினால் நேராகச் சுகாதார அமைச்சின் அறிக்கையில் போய் நிற்கும். "நீரிழிவு" என்று தேடினால் கடல்தாண்டிய வைத்தியர்கள் வரிசையாக வருவார்கள். இங்கே பேச்சில் இருக்கும் "இனிப்பு நீர்" என்ற சொல்லைப் போட்டால் பட்டியல் கொஞ்சம் வீட்டுப் பக்கம் திரும்பும். ஆக, நம் ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மலாய். ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிய ஆங்கிலம். தெரிந்ததை அம்மாவுக்குச் சொல்லத் தமிழ். மூன்றாவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

இன்னொன்று, முகவரியின் வால். அரசாங்கத் தளங்கள் எல்லாம் "கோவ் டாட் எம்ஒய்" என்று முடியும். அமைச்சின் பெயரில் போலிப் பக்கங்கள் உலவும் காலத்தில் அந்த வாலைப் பார்க்காமல் நான் எதையும் திறப்பதில்லை. இப்போது தேடினால் மேலேயே இயந்திரம் ஒரு பதிலை எழுதி வைத்துவிடுகிறது, அதற்குக் கீழே யாரும் போவதில்லை. ஒருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரை பற்றிக் கேட்டபோது ஒரே பத்தியில் இரண்டு கணக்கையும் கலந்து கொடுத்தது. எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரிந்திருக்காது.

சரி, 14-க்கு வருகிறேன். அது ஏன் 14 ஆனது என்பதுதான் பெரிய கதை.

அதற்கு மூன்று மாதம் முன்பு 8.9 இருந்தது. சாப்பாடு மாறவில்லை, மாத்திரை மாறவில்லை. கிளினிக் டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, "இனிப்பைக் குறையுங்க ஆண்ட்டி" என்று சொல்லி அனுப்பினார். அம்மாவின் முகம் மட்டும் வட்டமாகி, கன்னம் பளபளவென்று இருந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பார்த்த சொந்தக்காரர்கள், "அக்கா முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே" என்றார்கள். முட்டிவலி சுத்தமாகப் போயிருந்தது. அதற்கு முந்தின வருஷம் படியில் கால் வைக்கவே அழுதவர், அந்த வருஷம் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். நாங்கள் எல்லாம் முருகனுக்கு நன்றி சொன்னோம்.

நன்றி முருகனுக்குப் போகவில்லை. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் சின்னம்மா கொடுத்த ஒரு டப்பாவுக்குப் போக வேண்டிய நன்றி அது. பச்சை மூடி போட்ட டப்பா, உள்ளே பழுப்புப் பொடி அடைத்த கேப்சூல்கள். "நூறு விழுக்காடு மூலிகை" என்று மலாயில் அச்சடித்திருந்தது. முகநூலில் நேரலை போட்டு விற்கிறார்களாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இரண்டே நாளில் வலி போய்விட்டதாம்.

இரண்டே நாளில் என்று கேட்டபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அம்மா நடக்கிறார் என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

என் வேலை பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில். நாள் முழுக்கக் கப்பல் பத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் சும்மா இல்லை. முன்னால் உள்ள பத்தையும் ஒரு கணக்கில் போட்டால் அது வர வேண்டும். வரவில்லை என்றால் யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். எண்ணைக் கண்டால் சரிபார்க்கும் கை. அந்தக் கை அம்மாவின் டப்பாவிடம் போக ஐந்து மாதம் ஆனது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

டப்பாவில் எம்ஏஎல் எண் இருந்தது. மலேசியாவில் பதிவு பெற்ற எந்த மருந்திலும் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும், பின்னால் ஓர் எழுத்தும் இருக்கும். டி என்றால் பாரம்பரிய மருந்து. என் என்றால் சத்து மாத்திரை வகை. ஏ என்றால் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது. கூடவே ஹோலோகிராம் ஒட்டி ஒன்றும் இருக்க வேண்டும். முன்பு அதற்கு மெடிடேக் என்று பெயர், இப்போது ஃபார்மாடேக். இந்த எண்களை எல்லாம் வைத்திருப்பது சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு. அதன் தளத்தில் குவெஸ்ட் 3 பிளஸ் என்று ஒரு தேடல் பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் போகலாம், கணக்குத் திறக்க வேண்டியதில்லை, காசு இல்லை.

எண்ணைத் தட்டினேன். வந்தது. எனக்கு நிம்மதியே வந்துவிட்டது, பக்கத்தை மூடவும் போனேன். பிறகுதான் பெயரைப் பார்த்தேன். அந்த எண் ஒரு தைலத்துக்கு உரியது. தேய்த்துக்கொள்ளும் தைலம். கம்பெனி வேறு, ஊர் வேறு. யாரோ ஒரு நல்ல பொருளின் எண்ணைத் திருடி இந்த டப்பாவில் அச்சடித்திருக்கிறார்கள். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எண், பெயர், உற்பத்தி செய்தவர் மூன்றும் பொருந்த வேண்டும். கன்டெய்னருக்கு நான் தினமும் செய்கிற அதே வேலைதான்.

அதே தளத்தில் எச்சரிக்கைப் பகுதியும் உண்டு. பாரம்பரிய மருந்து என்று விற்றவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்ட செய்திகள் அங்கே ஒன்றல்ல, பல. முகம் வட்டமாவது, சர்க்கரை ஏறுவது, தோல் மெலிந்து தொட்டாலே நீலம் பாய்வது, பசி கூடுவது. படிக்கப் படிக்க அம்மாவையே யாரோ உட்காரவைத்து எழுதியது போல் இருந்தது.

அன்று ராத்திரியே டப்பாவைக் குப்பையில் போடத்தான் கை போனது. நல்லவேளை போடவில்லை. மறுநாள் லீவு போட்டு, டப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக் பார்மசி கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "நிறுத்திட்டீங்களா?" என்பதுதான். இல்லை என்றதும் மூச்சு விட்டார். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. நான் படித்த பக்கத்தில் இருந்ததோ என்னவோ, பதற்றத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். இணையம் என்னைக் கவுண்டர் வரை கொண்டு வந்து விட்டது. அதற்கு அப்பால் ஒரு மனுஷி தேவைப்பட்டார்.

டப்பாவை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பொதுமக்களே நிரப்பக்கூடிய கான்செர்ஃப் என்ற பக்க விளைவுப் படிவம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, அதை நிரப்பவும் வைத்தார். டாக்டர் ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்துப் பல வாரங்களில் படிப்படியாக இறக்கினார். முட்டிவலி திரும்பி வந்தது. முகம் பழையபடி ஒடுங்கியது. சொந்தக்காரர்கள், "அக்காவுக்கு என்னாச்சு, இளைச்சிட்டாங்களே" என்றார்கள்.

சின்னம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். விளம்பரத்தைக் காட்டினார். "கென்சிங் மானிஸ், டாரா திங்கி, எல்லாம் குணமாகும்" என்று கொட்டை எழுத்தில். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும்தான் மலாயில் அப்படி. அப்போதுதான் இன்னொரு விஷயத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் 20 நோய்களின் பட்டியல் உண்டு. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், ஆஸ்துமா, காசநோய், சிறுநீரக நோய் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. மருந்து நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த வாக்கியமே குற்றம். அனுமதி பெற்ற மருந்து விளம்பரத்தில் கேகேஎல்ஐயூ என்று ஓர் எண்ணும் ஆண்டும் சின்னதாக ஓரத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. வைத்தியம் படிக்காத நான் ஒரு கேப்சூல் வேலை செய்யுமா என்று வாதாட வேண்டியதில்லை. "இனிப்பு நீர் குணமாகும்" என்று எழுதியிருக்கிறதா? முடிந்தது கதை.

சின்னம்மா இன்னும் நம்பவில்லை. ஆனால் வாங்குவதை நிறுத்திவிட்டார், விலை ஏறிவிட்டதாம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு டிங்கி விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருந்தேன். ஐடெங்கி என்ற தளத்தை அமைச்சும் மலேசிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. வரைபடத்தில் நம் பேட்டையையே தேடிப் பார்க்கலாம். 30 நாளுக்கு மேல் பரவல் நீடித்தால் அந்த இடம் ஹாட்ஸ்பாட் ஆகும். தம்பி குடியிருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒருமுறை அந்தப் பட்டியலில் வந்தது. தம்பியிடம் சொன்னேன். "இங்க ஒரு கொசுவையும் காணோமே" என்றான். மூன்றாவது வாரம் அவன் மகனுக்குக் காய்ச்சல்.

நான்காவது நாள் காய்ச்சல் விட்டது. தம்பி மனைவி புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு கும்பிடு போட்டார். கூடவே, "பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், கேட்டுச்சு" என்று ஒரு செய்தி. எனக்கு அடிவயிறு கலங்கியது. டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குவது அப்போதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சுருண்டு படுப்பது, இதில் எது வந்தாலும் ஓட வேண்டும். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டேன். "வயிறு வலிக்குதுன்னு படுத்திருக்கான், சாறு ஒத்துக்கலை போல." சாற்றின் குற்றமில்லை. அன்று சாயங்காலம் சேர்த்தார்கள், நான்கு நாள் டிரிப்ஸ் ஏறியது, பிழைத்தான்.

பப்பாளி இலையை நான் கேலி செய்யமாட்டேன். தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நம் நாட்டு ஆய்வாளர்களே கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 நோயாளிகளை வைத்து ஆய்வு செய்து, 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மூன்று நாள் சாறு குடித்தவர்களுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வேகமாக ஏறின. உண்மைதான். ஆனால் டிங்கியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணு குறைவு அல்ல, அந்தக் கசிவு. ஆய்வு எதை அளந்தது, புலனத்தில் வந்த செய்தி எதைச் சொன்னது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் ஒரு பையன் வயிற்றுவலியோடு படுத்திருக்கிறான். 2019-இல் இந்த நாட்டில் டிங்கி கண்டவர்கள் 130,101 பேர், இறந்தவர்கள் 182 பேர். பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுகிறார்கள். அதனால்தான் எதைக் குடித்தாலும் அதுதான் காப்பாற்றியது என்று சொல்ல முடிகிறது.

அமைச்சின் அறிக்கைகளைப் படிக்க ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். எம்இ 12 என்று போட்டிருந்தால் அது 12-ஆவது தொற்றுநோய் வாரம். ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும். "குமுலாத்திஃப்" என்றால் ஜனவரியிலிருந்து சேர்ந்த மொத்தம். குழுக்களில் சுற்றும் பீதியில் பாதி, இந்த மொத்தத்தை "இன்று மட்டும்" என்று ஒருவர் படித்ததால் வருவது. மீதிப் பாதி போன வருஷத்து அறிக்கையைத் தேதியை வெட்டிவிட்டு அனுப்புவதால் வருவது. படத்தில் தேதி இல்லையென்றால் நான் மேலே படிப்பதில்லை.

புகைமூட்டத்துக்கு அவ்வளவு சிரமமில்லை. சுற்றுச்சூழல் இலாகாவின் தளத்தில் மணிக்கு மணி காற்றுக் குறியீடு வரும். 100-க்கு மேல் என்றால் அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பமாட்டேன். அவ்வளவுதான்.

வதந்திகளைச் சரிபார்க்க 2017-இல் தொடங்கிய செபனார்ஞா தளம் இருக்கிறது. தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துவது. பயனுள்ளதுதான். ஆனால் வதந்தி மோட்டார் சைக்கிளில் வருகிறது, மறுப்பு ரயிலில் வருகிறது. கோவிட் நேரத்தில் அமைச்சின் டெலிகிராம் சேனல் எனக்கு அதைவிட உதவியது. 2021 ஜூலையில் அமைச்சு கோவிட் எண்களை எல்லாம் பொதுவெளியில் திறந்து வைத்தது. அடுத்த வருஷம் கேகேஎம் நவ் என்ற அமைச்சின் தரவுத் தளம் வந்தது. நாள்தோறும் எத்தனை பேர் ரத்ததானம் செய்தார்கள் என்றுகூட அதில் பார்க்கலாம். நான் ஏன் அதைப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை. சிலர் தங்க விலை பார்ப்பதில்லையா, அது போல.

மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகத்துக்குள் தேசிய நச்சு மையம் இருப்பது பினாங்குக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1994-லிருந்து இருக்கிறது. பிள்ளை பூச்சி உருண்டையை விழுங்கிவிட்டால் கூகிளிடம் கேட்பதைவிட அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவது மேல். எண்ணைத் தளத்திலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படி எல்லாவற்றையும் அரசாங்கத் தளத்தில் போய்ப் பார்க்கச் சொல்கிறாயே, அவர்கள் தப்பே செய்யமாட்டார்களா என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. செய்திருக்கிறார்கள். நிப்பா வைரஸ் வந்தபோது நான் பள்ளியில் படிவம் மூன்று. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் மூளைக்காய்ச்சலில் சாகத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆட்கள் மேலும் செத்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் பாதை திரும்பியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரே வைரஸுக்கும் ஒட்டிக்கொண்டது. கொசு இல்லாத இடத்தில் கொசுவைத் தேடிய அந்த மாதங்களுக்கு யாரும் ஈடு கட்ட முடியாது.

ஆனாலும் தம்பியிடம் நான் சொன்னது இதுதான். அந்தத் தப்பு எப்போது நடந்தது, எப்போது திருந்தியது, யார் கண்டுபிடித்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீயும் நானும் இன்று படிக்க முடிகிறது. ஐவர்மெக்டின் சாப்பிட்டால் கோவிட் ஓடிவிடும் என்று நம் குடும்பக் குழுவில் அனுப்பியவர் யார்? நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலேயே 490 பேரிடம் சோதித்து, நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை என்று 2022-இல் வெளியிட்டார்களே, அதை அவர் குழுவில் போட்டாரா? தம்பி சிரித்தான். அனுப்பியது அவன்தான்.

2018-இல் கேரளாவில் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது, பினாங்கிலும் வந்துவிட்டது என்று குழுவில் ஒரே களேபரம். அப்போதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பரவல் செய்திகளைப் படிக்கப் பழகினேன். எந்த நாடு, எந்த மாவட்டம், எத்தனை பேர், எப்படிப் பரவுகிறது என்று சுருக்கமாக இருக்கும். பரபரப்பே இருக்காது. தூக்கம் வரும். அதுதான் அதன் நல்ல குணம்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்பா இருந்த காலத்தில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமட் இட்ரிஸ் தலைமையில் அவர்கள் தமிழிலும் எழுதிக் குவித்தார்கள். சீனி எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த முகப்பூச்சில் பாதரசம். அப்பா அவற்றைக் கத்தரித்து ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பார். அப்பாவின் டின்தான் எங்கள் வீட்டு முதல் தேடுபொறி. டீத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போட்டுக்கொண்டே சீனியின் தீமையைப் படித்துக் காட்டுவார்.

இணையத்தில் தமிழ் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநில அரசுகள் குடியேறிய தமிழர்களுக்காக நல்ல துண்டறிக்கைகள் போட்டிருக்கின்றன. காக்ரேன் என்ற அமைப்பு, ஒரு மருந்து பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்கிறது. அதன் எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் உண்டு. முட்டிவலி பற்றி ஒன்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பத்தியிலேயே "முறைப்படியான திறனாய்வு" என்று வந்தது. "யாரு, நம்ம வாத்தியாரா எழுதுனாரு?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குப் பயன்பட்டது, அம்மாவுக்கு இல்லை.

அதனால் நான் குரல் பதிவு போடுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதிகம் போனால் ஒன்றரை நிமிடம். "அம்மா, இந்த வாரம் நம்ம பிளாட் பக்கம் டிங்கி இருக்கு, பூச்சட்டித் தட்டுல தண்ணிய ஊத்திடுங்க." "அம்மா, அந்த வாழைப்பூ சேதி சும்மா, யாரும் சோதிச்சுப் பார்க்கலை." எங்கிருந்து எடுத்தேன் என்பதைக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வேன். அம்மா அதை வெட்டாமல் அப்படியே தன் கோயில் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார் என்று போன மாதம்தான் தெரிந்தது. தெரியாத ஒரு பாட்டி கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே டிங்கிப் பிள்ளை?" என்றார்.

இந்த மாதம் கிளினிக்கில் 8.4 வந்தது. வட்டம் இல்லை. சாயங்காலம் அம்மா எனக்கு ஒரு காணொளியை அனுப்பினார். அதே யூடியூப் டாக்டர். கீழே அம்மாவின் குரல்: "சாப்பிட்டப்புறம் 180 வரைக்கும் இருக்கலாங்குறாரு. நம்ம கணக்குல எவ்வளவு?"

வகுத்துப் பார்த்து, பத்து என்று அனுப்பினேன். அது சாப்பிட்ட பிறகு, உங்களுடையது வெறும் வயிற்றில் என்றும் எழுத ஆரம்பித்தேன். அதற்குள் இன்னொரு குரல் பதிவு வந்துவிட்டது.

"அப்ப நான் கீழதானே இருக்கேன். பக்கத்து வீட்டுல அதிரசம் குடுத்தாங்க, ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."